"இந்த வேலைன்னா அப்படித்தான்" என்று சொன்னால் போதுமா?

வேலையிடப் பாதுகாப்பில் நடைமுறை நெறிகளின் பங்கு

(பண்ருட்டியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முந்திரி உடைக்கிற, தோல் உரிக்கிற, தையல் தைக்கிற உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்னைக்குப் பேசப்போற தலைப்பைக் கேட்டா கொஞ்சம் பயமா இருக்கும். "வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் நடைமுறை நெறிகளின் பங்கு." இது வக்கீலுங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு தோணும். ஆனா இந்த விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வேற பேர்ல தெரியும், அவ்வளவுதான்.

நம்ம குழுக்களுக்குப் பஞ்ச சூத்திரம் உண்டு இல்லையா? தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்குப் பதிவேடு. இந்த அஞ்சையும் செய்யாவிட்டால் தண்டனைன்னு எந்தச் சட்டமும் சொல்லலை. ஒரு வாரம் கூட்டம் போடாம விட்டா போலீஸ் வராது. ஆனா குழுவைத் தரம் பார்க்கும்போது பேங்க் மேனேஜர் எதைக் கேட்கிறார்? தீர்மான நோட்டைக் கேட்கிறார். கையெழுத்தைப் பார்க்கிறார். பாஸ் புத்தகத்தோட ஒத்துப் பார்க்கிறார். "நாங்க நல்ல குழுதான் சார்" என்று வாயால் சொன்னால் எடுபடாது. பஞ்ச சூத்திரத்தின்படி நடந்தோம்னு காட்டினால்தான் எடுபடும்.

நடைமுறை நெறியும் இதே மாதிரிதான். அது நேரடியாகச் சட்டம் இல்லை. ஆனால் சட்டப்படி ஒருத்தர் நடந்தாரா இல்லையான்னு அளந்து பார்க்கிற படி அது. படி இல்லாம நெல்லை எப்படி அளக்கிறது?

சட்டம் ஒரு வரி, நெறி பத்து வரி

சட்டம் பொதுவாகத்தான் பேசும். "தொழிலாளிக்கு ஆபத்து இல்லாத வேலையிடத்தை முதலாளி தர வேண்டும்" என்று சொல்லும். சரி, எப்படித் தருவது? கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு விதம். முந்திரி உடைக்கிறவருக்கு வேறு விதம். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சிக்கு இன்னொரு விதம். புதுசா ஒரு மெஷின் வரும்போதெல்லாம் டெல்லியில் பாராளுமன்றம் கூடிச் சட்டம் போட முடியுமா? முடியாது.

அதனால் மூணு படியா வைத்திருக்கிறார்கள். மேல்படி சட்டம். அது கடமையைச் சொல்லும். நடுப்படி, சட்டத்துக்குக் கீழே அரசு போடுகிற விதிகள். கடைசிப்படி நடைமுறை நெறி. இன்ன வேலையை இன்ன வரிசையில், இன்ன கருவியோடு, இன்ன எச்சரிக்கையோடு செய்யணும்னு விவரமா எழுதினது.

சமையல்ல வைத்துப் பார்ப்போம். "சோறு குழையாம, நறுக்கரிசி இல்லாம வேகணும்." இது சட்டம். "ஒரு படி அரிசிக்கு இத்தனை தண்ணி, இவ்வளவு நேரம்." இது நெறி. பழைய அரிசியா இருந்தா தண்ணி கூடுதலா வைப்போம், புது அரிசின்னா குறைப்போம். நெறியில் எழுதினதை விட்டு வேறு வழியில் செய்யலாம், தப்பில்லை. ஆனா சோறு குழைஞ்சு போனா, "சொன்னபடி ஏன் செய்யலை, நீ செஞ்ச வழி எப்படிச் சரி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லணும். அந்தப் பதில் சொல்கிற பொறுப்பு சமைத்தவருக்குத்தான். சாப்பிட உட்கார்ந்தவருக்கு இல்லை.

இந்தக் கடைசி வரியை மனசுல வச்சுக்கோங்க. இன்றைய பேச்சின் சாரமே அதுதான்.

இது எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் 1970-இல் இராபன்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். தொழிற்சாலை, சுரங்கம், கடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சட்டம் குவிந்து கிடந்தது. அப்படியும் தொழிலாளர் சாவு குறையவில்லை. அந்தக் குழு 1972-இல் அறிக்கை கொடுத்தது. எல்லாருக்கும் பொதுவா ஒரே சட்டம் இருக்கட்டும், விவரத்தை நடைமுறை நெறிகளில் எழுதுவோம் என்றது. அதன்படி 1974-இல் அங்கே புதுச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அரசு ஒப்புதல் கொடுத்த நெறியை ஒரு முதலாளி பின்பற்றாமல் விட்டால், அதுவே குற்றம் ஆகிவிடாது. ஆனால் விபத்து நடந்து வழக்கு வந்தால், நெறியைப் பின்பற்றவில்லை என்பது அவருக்கு எதிரான சாட்சி. "நான் வேறு வழியில் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் நடந்தேன்" என்று அவர்தான் காட்ட வேண்டும். நம்ம சோற்றுக் கதைதான் இது.

சிங்கப்பூரிலும் இந்த முறை உண்டு. அங்கே 2006-இல் வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்படி ஒப்புதல் பெற்ற நெறிகள் இருக்கின்றன. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அங்கே கட்டட வேலைக்குப் போயிருக்காங்க. லீவுக்கு வரும்போது கேட்டுப் பாருங்க. பாதுகாப்பு வகுப்பு முடிக்காம சைட்டுக்குள்ளே விட மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. அதே பிள்ளை இங்கே சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு இருக்காது. ஆள் அதே ஆள்தான். இங்கே எழுதி வைக்கவும் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை.

நம்ம நாட்டில் என்ன இருக்கு?

நம்ம நாட்டில் 1948-இல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். ஆலையில் என்ன ரசாயனம் இருந்தது, மூச்சில் ஏறினால் என்ன செய்யணும்னு சுற்றி இருந்த ஜனங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு 1987-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழிலில் என்ன ஆபத்து இருக்கிறது, எப்படித் தப்புவது என்ற தகவலைத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று சேர்த்தார்கள்.

இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. "தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு, 2020" என்று பெயர். 13 பழைய சட்டங்களை ஒன்றாகச் சேர்த்தது இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதை ஆங்கிலத்தில் "கோட்" என்பார்கள். நடைமுறை நெறிக்கும் ஆங்கிலத்தில் "கோட்" என்றுதான் பேர். இரண்டையும் குழப்பிக்காதீங்க. சட்டத்தொகுப்பு என்பது கட்டாயச் சட்டம். நெறி என்பது அதை எப்படிச் செய்வதுன்னு சொல்கிற குறிப்பு.

இந்தப் புதுச் சட்டத்தில் நமக்கு வேண்டிய சில விஷயங்களை மட்டும் சொல்றேன்.

ஒன்று. மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் வேலை செய்தால் முன்பு அது தொழிற்சாலை. இப்போது அந்த எண்ணிக்கை 20, 40 என்று உயர்ந்துவிட்டது. ஆகவே பல சின்ன முந்திரி கம்பெனிகள் "தொழிற்சாலை" என்ற கணக்கிலிருந்து வெளியே போய்விடும். ஆனால் 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடம் எதுவானாலும் அது "நிறுவனம்". பாதுகாப்பான வேலையிடம் தருகிற பொதுக் கடமை அங்கேயும் முதலாளிக்கு உண்டு. "இது ஃபேக்டரி இல்லம்மா, சும்மா ஷெட்டு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டு. பாதுகாப்புக்காகச் செய்கிற எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கையுறைக்கும் பிடிக்கக் கூடாது, மருத்துவப் பரிசோதனைக்கும் பிடிக்கக் கூடாது.

மூன்று. உங்க உடம்புக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தப்பட்ட தகவலைக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான பயம் வந்தால், முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் இதைப் பார்க்கிற துறைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்று பேர்.

நான்கு. பாதுகாப்புத் தரங்களை அறிவிக்கிற அதிகாரத்தை மத்திய அரசுக்கு இந்தச் சட்டம் கொடுக்கிறது. நெறிக்குச் சட்டத்துக்குள் வாசல் திறக்கிற இடம் இதுதான். இது தவிர இந்தியத் தர அமைவனம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை தருகிறவர்கள். அவர்கள் பொருளுக்கு மட்டும் இல்லை, வேலை முறைக்கும் நெறி எழுதியிருக்கிறார்கள். சுவரில் மாட்டுகிற தீயணைப்புக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று ஐ.எஸ். 2190 என்ற எண்ணில் ஒரு நெறி இருக்கிறது. ஒரு கம்பெனியில் சிவப்பு சிலிண்டர் மாட்டியிருக்கலாம். அது வேலை செய்யுமா, கடைசியா எப்ப சோதிச்சாங்க என்று கேட்க அந்த நெறி நமக்குக் கை கொடுக்கும்.

நெறியே சட்டமாக நின்ற கதை

நெறிக்கு என்ன பெரிய மதிப்பு இருக்கப்போகுது என்று நினைக்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். இது பெண்களாகிய நம்ம சரித்திரம்.

ராஜஸ்தானில் அரசின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் "சாதின்" என்ற பொறுப்பில் ஒரு பெண் வேலை பார்த்தார். நம்ம ஊக்குநர் மாதிரி, கிராமத்திலேயே வேலை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் அவர் மீது கூட்டு வன்கொடுமை நடந்தது. வேலை செய்யப் போன இடத்தில் வந்த ஆபத்து அது. அப்போது வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லைக்கென்று நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1997 ஆகஸ்ட் 13-ஆம் தேதி விசாகா வழக்கில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றமே வழிகாட்டு நெறிகளை எழுதிக் கொடுத்தது. புகார்க் குழு வேணும், அதற்குப் பெண் தலைவராக இருக்கணும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கணும் என்றெல்லாம் எழுதியது. சட்டம் வரும் வரைக்கும் இதுவே சட்டம் போல எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

சட்டம் 2013-இல்தான் வந்தது. நடுவில் 16 வருஷம் நெறியே சட்டமாக நின்றது. இன்று 10 பேர் வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்கும் குறைவான இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. நெறி முதலில் வந்தது. சட்டம் அதன் பின்னால் நடந்து வந்தது.

நெய்வேலி சொல்கிற பாடம்

நம்ம பக்கத்திலேயே நெய்வேலி இருக்கு. பல வீடுகளில் யாராவது ஒருத்தர் அங்கே ஒப்பந்த வேலைக்குப் போறாங்க. 2020-ஆம் வருஷம் மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. ஜூலை 1 விபத்தில் அன்றைக்கே 6 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறந்து அந்த எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்து, நிறுவனத்தை இடைக்காலமாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

யார் மேல் தப்பு என்று நான் இங்கே தீர்ப்பு சொல்லப் போறதில்லை. இப்படிப்பட்ட விபத்துக்குப் பிறகு என்ன கேள்வி கேட்பார்கள் என்பதுதான் நமக்கு வேணும். "பாதுகாப்பா வச்சிருந்தீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "வச்சிருந்தோம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கேள்வி அப்படி இருக்காது.

மின் நிலையங்களில் "பெர்மிட்" என்று ஒரு முறை உண்டு. பழுது பார்க்கப் போகிற இடத்தில் கரண்ட், நீராவி, எரிபொருள் எல்லாவற்றையும் நிறுத்தணும். யாரும் தெரியாமல் திரும்பப் போட்டுவிடாதபடி பூட்டணும். எச்சரிக்கைச் சீட்டு தொங்கவிடணும். சோதித்துப் பார்த்துப் பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும். அதற்குப் பிறகுதான் ஆள் உள்ளே போகணும். இது எழுத்தில் இருக்கிற நெறி. ஆகவே கேள்வி இப்படி வரும்: பெர்மிட் யார் கொடுத்தது? எத்தனை மணிக்கு? சோதித்தது யார்? உள்ளே போனவருக்கு விளக்கம் சொன்னது யார்? அவர் கையெழுத்து எங்கே?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தாள் இருக்கணும். தாள் இல்லையென்றால் அதுவே ஒரு பதில். புருஷனையோ பிள்ளையையோ அந்த வேலைக்கு அனுப்புகிற அம்மாக்கள் இந்த ஒரு வார்த்தையைத் தெரிஞ்சு வச்சுக்கணும். "பெர்மிட் இல்லாம உள்ளே போகாதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பணும்.

முந்திரி உடைக்கிற கைகள்

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். பண்ருட்டி என்றால் பலாவும் முந்திரியும். நம்ம ஊர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் கொட்டை வந்து இங்கே உடைபடுகிறது. உடைக்கிறதும் உரிக்கிறதும் தரம் பிரிக்கிறதும் பெரும்பாலும் பெண்கள்தான்.

கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் கையில் பட்டால் தோல் கறுத்து, கொப்பளித்து, உரிந்து போகும். அந்த எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் என்ற பொருள்கள் இருக்கின்றன. சேராங்கொட்டை பட்டால் புண்ணாகும் என்று நம்ம பாட்டிமார் சொல்லுவாங்க இல்லையா? முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பத்து மரங்கள். கை ரேகை தேய்ந்துபோய், ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் ஏற்கவில்லை என்று திரும்பி வந்த அக்காக்கள் நம்ம கூட்டமைப்பிலேயே இருக்காங்க.

இதைச் சொன்னால் என்ன பதில் வருது? "இந்த வேலைன்னா அப்படித்தான்." முதலாளி சொல்றார், மேஸ்திரி சொல்றார். நாமளும் சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம். கைப்புண்ணைத் தலைவிதி ஆக்கிவிட்டோம். நெறி என்று ஒன்று எழுத்தில் இருந்தால் இந்தப் பதில் செல்லாது. "புண் வராமல் செய்ய வழி இருக்கிறது, அது இந்தத் தாளில் எழுதியிருக்கிறது, அதை ஏன் செய்யலை?" என்று கேட்க முடியும்.

நல்ல நெறி எப்படி இருக்கும்? அதற்கு ஒரு வரிசை உண்டு. உலகம் முழுக்கப் பாதுகாப்பு நிபுணர்கள் ஒப்புக்கொண்ட வரிசை இது. முதலில் ஆபத்தையே குறைக்கணும். முடியாததற்கு மெஷினில் தடுப்பு போடணும். அடுத்து வேலை முறையை மாற்றணும். கையுறை, முகக்கவசம் எல்லாம் கடைசியில்தான்.

முந்திரிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம்.

முதலில், கொட்டையைச் சரியான பதத்தில் அவித்து, ஆறவைத்து உடைக்கணும். பதம் தப்பினால் ஓடு நசுங்கி எண்ணெய் தெறிக்கும்.

இரண்டாவது, கால் மிதி மெஷினில் கத்தி ஒழுங்காக இருக்கணும். எண்ணெய் முகத்துப் பக்கம் தெறிக்காமல் தடுப்பு இருக்கணும். வறுக்கிற இடத்துப் புகை வெளியேற வழி வேணும். அந்தப் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும். ஓட்டை வீட்டு அடுப்பில் எரிக்கிறதும் கூடாது.

மூன்றாவது, உடைக்கிறவரே நாள் முழுக்க உடைக்காமல், உரிக்கிறதும் பிரிக்கிறதும் மாறி மாறிச் செய்யணும். கை கழுவத் தண்ணியும் சோப்பும் பக்கத்தில் இருக்கணும். சாப்பிடும் முன் கட்டாயம் கழுவணும்.

கடைசியாகத்தான் கையுறை. கிழிஞ்சதை மாற்றித் தரணும். பழைய பழக்கத்தில் கையில் எண்ணெய் தடவிச் சாம்பல் தொட்டுக்கிறோம். அது ஓரளவுக்குத்தான் காக்கும். "அதான் சாம்பல் இருக்கே" என்று முதலாளி தன் கடமையை அதோட முடிச்சுக்க முடியாது.

கை புண்ணாகி டாக்டரிடம் போனால், "என்ன வேலை செய்றேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்க. சீட்டில் எழுதச் சொல்லுங்க. வேலையில் ரசாயனம் பட்டு வருகிற தோல் நோய், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிற தொழில் நோய். அதை டாக்டர் அரசுக்குத் தெரிவிக்கணும். "அலர்ஜி" என்று மட்டும் எழுதி ஆயின்மென்ட் கொடுத்தால், அந்தப் புண்ணுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விடும்.

இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி

இங்கே ஒரு எச்சரிக்கை. நெறி நமக்குக் கவசம் என்று சொன்னேன். அதையே நம்ம மேல் திருப்பியும் விடலாம்.

ஒரு இடத்தில் போர்டு எழுதி மாட்டியிருக்காங்க: "கையுறை அணியாமல் வேலை செய்யக் கூடாது." கையுறையும் கொடுத்துட்டாங்க. ஆனா கூலி கிலோ கணக்கில். கையுறை போட்டால் விரல் ஓடாது, நாளைக்கு ரெண்டு கிலோ குறையும். வீட்டில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். அப்போ அந்த அக்கா என்ன செய்வாங்க? கையுறையைக் கழற்றி மடியில் வச்சுக்குவாங்க. மேஸ்திரியும் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். கை வெந்தப்புறம் என்ன சொல்வாங்க? "நாங்க போர்டு வச்சோம், கையுறை கொடுத்தோம், அந்தம்மாதான் போடலை."

நஷ்டஈட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு இடம் இருக்கு. பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக வைத்த விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால்தான் காயம் வந்தது என்று காட்டினால், முதலாளி நஷ்டஈடு தர மறுக்கலாம். 1923-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இது இருந்தது, இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இருக்கு. ஆனால் உயிர் போனாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ இந்தச் சாக்கு செல்லாது. மற்றக் காயங்களுக்குச் செல்லும். ஆகவே போர்டில் என்ன எழுதுகிறார்கள், நம்மிடம் எதில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று படிச்சுப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

கையுறை போட்டால் கூலி குறையும் என்றால் அந்த நெறி வெறும் காகிதம்தான். கையுறையோடு ஒருத்தர் எவ்வளவு உடைக்க முடியும் என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி கிலோ ரேட் வைக்கணும். அதுவும் நெறியில் ஒரு வரியாக இருக்கணும். நெறியை எழுதும்போது நாம உட்கார்ந்திருந்தால்தான் அந்த வரி வரும். முதலாளி மட்டும் எழுதினால் வராது.

சட்டம் எட்டாத இடத்திலும்

நம்மில் பலர் கம்பெனிக்குப் போறதில்லை. வியாபாரி மூட்டையில் கொண்டுவந்து போடுகிறார், திண்ணையில் உட்கார்ந்து உரிச்சுத் தர்றோம். அங்கே 10 பேர் இல்லை, இந்தச் சட்டம் நேராக எட்டாது. இன்னும் சிலர் குழுக்கடன் வாங்கிச் சொந்தமா யூனிட் போட்டிருக்கோம். அங்கே நாமே முதலாளி, நாமே தொழிலாளி. ஒரு தங்கச்சிக்குக் கை நசுங்கினால் யாரைக் கேட்கிறது?

சட்டம் எட்டாத இடத்திலும் நெறி எட்டும், நாமே எழுதி வைத்தால். பஞ்ச சூத்திரத்தை யாரும் சட்டத்தால் நம்ம மேல் திணிக்கலை. நாம ஏற்றுக்கொண்டோம், அதனால் குழு நின்றது. பாதுகாப்புக்கும் அப்படி ஒன்று எழுத முடியாதா?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஒவ்வொரு வேலையாக எடுத்து மூணு கேள்வி கேளுங்க. இந்த வேலையில் உடம்புக்கு என்ன கெடுதல்? அதைத் தடுக்க என்ன வழி? அதை யார், எப்போ பார்ப்பது? வருகிற பதிலை ஒரே பக்கத்தில், எல்லாருக்கும் புரிகிற தமிழில் எழுதுங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம் போட்டுச் சுவரில் ஒட்டுங்க. எழுதின தேதியைத் தீர்மான நோட்டில் ஏற்றுங்க. கை வெந்தாலும் விரல் வெட்டுப்பட்டாலும், சின்னக் காயம்தானே என்று விடாமல் ஒரு தனி நோட்டில் தேதியோடு எழுதி வையுங்க. ஆறு மாசம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் எந்த மெஷினில், எந்த நேரத்தில் அதிகம் அடிபடுது என்று தானாகத் தெரியும். அதைப் பார்த்து நெறியைத் திருத்துங்க. மூட்டை கொண்டுவருகிற வியாபாரியிடமும் அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்க. ஒருத்தர் தனியாக் கேட்டால் "வேற ஆள் பார்த்துக்கறேன்" என்பார். தெருவே சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அதற்குத்தானே கூட்டமைப்பு?

அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதியாதவங்க பதிந்துகொள்ளுங்க. விபத்து நடந்த பிறகு அலைவதைவிட, முன்னாலேயே அட்டை கையில் இருப்பது நல்லது.

கம்பெனியில் வேலை செய்கிறவங்க நாளைக்குப் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம வேலைக்குப் பாதுகாப்பு விதின்னு எழுதினது ஏதாவது இருக்கா, காட்டுங்க." சண்டையாகக் கேட்க வேண்டாம், சாதாரணமாகவே கேளுங்க. இருந்தால் படிச்சுப் பாருங்க. இல்லையென்றால், இல்லை என்ற அந்தப் பதிலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. எந்தெந்தக் கம்பெனியில் இருக்கு, எங்கெங்கே இல்லை என்று பட்டியல் போட்டு, கூட்டமைப்பு மூலமாகத் துறைக்கு மனு கொடுப்போம்.